காலையில் உறுதி, மாலையில் தோல்வி: பழக்கத்தை வெல்வது எப்படி?

பொருளாதாரப் பேராசிரியர் என்ற முறையில், ஒரு கோட்பாட்டைப் பல ஆண்டுகள் முதுகலை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988-இல் வெளியிட்ட கோட்பாடு அது. அடிமைப்பழக்கம்கூட ஒருவகையில் பகுத்தறிவுள்ள தேர்வுதான். இன்றைய இன்பத்தையும் நாளைய துன்பத்தையும் எடைபோட்டுத்தான் மனிதன் புகைக்கிறான் அல்லது குடிக்கிறான் என்பது அதன் சாரம். கரும்பலகையில் அதற்கான சமன்பாடுகளை எழுதி முடித்துவிட்டு, கைகளில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைத் தட்டியபடியே கல்லூரி வாயிலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குச் சென்று சிகரெட் பற்றவைப்பேன். அப்போது என் மனத்தில் எந்தக் கணக்கும் ஓடியதில்லை.

பத்தொன்பது வயதில் தொடங்கிய பழக்கம். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் எடுத்த தீர்மானங்கள் பல. ஆங்கிலப் புத்தாண்டில் எடுத்தது உண்டு. மகள் பிறந்த அன்று எடுத்தது உண்டு. ஒரு போகிப் பண்டிகையன்று பாதி தீர்ந்த பெட்டியை நெருப்பில் போட்டு எடுத்ததும் உண்டு. அவற்றுள் எதுவும் போலியான தீர்மானம் அன்று. ஒவ்வொன்றையும் எடுத்தபோது உண்மையாகவே விட்டுவிட்டதாக நம்பினேன். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்த நம்பிக்கை கலைந்தது.

'மனசு வைத்தால் முடியாதா?' என்பது இத்தகையவர்களிடம் நம் வீடுகளில் காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. என்னிடமும் கேட்டார்கள். அதைவிட வருத்தத்துக்குரியது, அதே கேள்வியை நான் என் தம்பியிடம் பலமுறை கேட்டது. அக்கேள்வியே தவறானது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. பழக்கத்துக்கு ஆட்பட்டவர்களிடம் மன உறுதி இல்லாமல் இல்லை. அது மிகவும் பலவீனமாக இருக்கும் வேளையில் அதை வேலை வாங்க முயல்கிறோம். பலமாக இருக்கும் வேளையை வீணடிக்கிறோம்.

ஒரே மனிதர், இரண்டு கணக்குகள்

இதைப் புரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. 'இன்று 1,000 ரூபாய் வேண்டுமா, நாளை 1,100 ரூபாய் வேண்டுமா?' என்று கேட்டால், இன்றே வேண்டும் என்பவர் பலர். அவர்களிடமே, '30 நாள் கழித்து 1,000 ரூபாய் வேண்டுமா, 31 நாள் கழித்து 1,100 ரூபாய் வேண்டுமா?' என்று கேட்டால், ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பதில் அவர்களில் பெரும்பாலோருக்குத் தயக்கம் இருப்பதில்லை. இரண்டு கேள்விகளிலும் இடைவெளி ஒரே நாள்தான். கூடுதல் தொகையும் ஒன்றுதான். ஆனால், பலன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனம் வேறு கணக்குப் போடுகிறது. ஜார்ஜ் எயின்ஸ்லி என்ற அமெரிக்க உளமருத்துவர் இந்த முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்தார். டேவிட் லைப்சன் 1997-இல் அதைப் பொருளாதாரச் சமன்பாடாக வடித்தார்.

அடிமைப்பழக்கத்தில் நிகழ்வதும் இதுவே. காலையில் 'இன்று மாலை குடிக்க மாட்டேன்' என்று சொல்பவருக்கு மாலை என்பது தொலைவில் இருக்கிறது. அவரால் நிதானமாக எடைபோட முடிகிறது. அவர் சொல்வது உண்மை. மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நிற்பவருக்குப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் பேசியவர் அங்கே இல்லை.

2005-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் இதைப் பற்றி நிறையச் சிந்தித்தவர். அணு ஆயுத வல்லரசுகள் ஒன்றையொன்று எப்படி மிரட்டிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். சிகரெட்டை விட முடியாமல் நெடுங்காலம் தாமும் போராடியவர். தன்னைத்தான் அடக்குவது என்பது இரு நாடுகளுக்கிடையிலான போட்டியைப் போன்றது என்று அவர் கருதினார். ஒரே உடலில் இருவர் மாறி மாறி ஆட்சிக்கு வருகிறார்கள். முதலாமவர் ஆட்சியில் இருக்கும்போதே இரண்டாமவரின் கைகளைக் கட்டிவிட வேண்டும். இரண்டாமவர் வந்தபின் அவருடன் வாதாடிப் பயனில்லை.

இதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். கள்ளுண்ட ஒருவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் ஏந்தித் தேடுவது போன்றது என்ற கருத்து திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் இருக்கிறது. வாதாடவேண்டிய வேளை அதுவன்று என்பதே அதன் பொருளாக எனக்குப் படுகிறது.

குறிப்பேடு காட்டியது

1998-இல் ஷெல்லிங்கின் கட்டுரைகளை ஒரு கருத்தரங்குக்காக மீண்டும் படித்தபோது, அவற்றை ஏன் என் மீதே பரிசோதித்துப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. உடனே புகைப்பதை நிறுத்திவிடவில்லை. முதல் இரண்டு வாரம் கணக்கு மட்டும் எழுதினேன். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், உடனிருந்தவர் என்று மூன்றே குறிப்புகள்.

நாளொன்றுக்குச் சராசரியாக 14 சிகரெட்டுகள் என்று கணக்குச் சொன்னது. அவற்றுள் 11 சிகரெட்டுகள் ஐந்தே தருணங்களில் அடங்கிவிட்டன: காலைக் காப்பி, பேருந்து நிறுத்தம், வகுப்பு இடைவேளையில் பெட்டிக்கடை, மதிய உணவுக்குப் பின், இரவில் விடைத்தாள் திருத்தும் வேளை. நான் 14 முறை ஆசைப்பட்டுப் புகைத்ததாக எண்ணியிருந்தேன். உண்மையில் ஐந்து இடங்கள் என்னை அழைத்துக்கொண்டிருந்தன.

அடுத்ததாக அந்த ஐந்து இடங்களையும் மாற்றினேன். காப்பியை நிறுத்திவிட்டு ஆறு மாதம் மோர் குடித்தேன். ஒரு நிறுத்தம் தள்ளி நடந்து சென்று பேருந்து ஏறினேன். இடைவேளையில் பின்வாயில் வழியாக நூலகத்துக்குச் சென்றேன். உணவு முடிந்த கையோடு பல் துலக்கினேன். விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்துவருவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

விலை உயர்ந்தால் நுகர்வு குறையும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். ஆனால், விலை என்பது ரூபாய் மட்டுமன்று. நடக்கவேண்டிய தூரமும், காத்திருக்கவேண்டிய நேரமும், பிறரிடம் கேட்கவேண்டிய கூச்சமும் விலையே. கை நீட்டினால் கிடைக்கும் சிகரெட்டைவிட, செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் வாங்கவேண்டிய சிகரெட் விலை அதிகமானது. இரவு கண் விழித்துக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர் அதை வேறு அறையில் மின்னேற்றத்துக்குப் போட்டுவிட்டுப் படுப்பதும் இதே உத்திதான். அரசு வரியைக் கூட்டுவதற்குக் காத்திராமல், நமக்கு நாமே விதித்துக்கொள்ளும் வரி இது.

ஆசை பொங்கும் கணத்துக்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதிவைத்தேன்: 'ஆசை வந்தால், கடிகாரத்தைப் பார்ப்பேன், பத்து நிமிடம் கழித்துத்தான் முடிவெடுப்பேன்.' 'இனிமேல் புகைக்கமாட்டேன்' என்ற பெரிய உறுதிமொழியைவிட இது எளிது. புகைக்கும் வேட்கை அலைபோல் எழுந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் இயல்புடையது. நிக்கோட்டினை நிறுத்தியதால் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் உச்சம் பெற்று, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுகின்றன. முடிவே இல்லாத துன்பம் அன்று என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து.

ஒரு காசோலையின் கதை

இவை போதா என்று எனக்குத் தெரியும். கணிதத் துறையில் எனக்கு நண்பர் ஒருவர் இருந்தார். அரசியலில் எனக்கு நேர் எதிரானவர். நான் அறவே வெறுத்த ஒரு கட்சியின் தீவிர ஆதரவாளர். ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை எழுதி, அந்தக் கட்சியின் பெயரிலேயே ஒரு காசோலையை அவரிடம் கொடுத்தேன். ஒரு சிகரெட் புகைத்தாலும் அதை அவர் செலுத்திவிடலாம் என்பது ஒப்பந்தம். அக்காலத்தில் காசோலைக்கு ஆறு மாத ஆயுள் உண்டு. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது வெறும் காகிதம்.

நான்காம் மாதம் என் தந்தையார் காலமானார். மயானத்திலிருந்து திரும்பும் வழியில் யாரோ நீட்டிய சிகரெட்டை வாங்கிப் புகைத்தேன். கல்லூரிக்குத் திரும்பியதும் நண்பரிடம் சென்று சொன்னேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். 'செலுத்தட்டுமா?' என்றார். 'செலுத்துங்கள்' என்றேன். அந்தக் கட்சியின் ரசீது இன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று மாலையே இரண்டாவது காசோலையை எழுதிக் கொடுத்தேன். அது செலுத்தப்படாமலே காலாவதியானது. அதன்பின் நான் புகைத்ததில்லை.

முன்பெல்லாம் ஒரு சிகரெட் புகைத்துவிட்டால், 'தீர்மானம்தான் கெட்டுவிட்டதே' என்று அன்றே ஒரு பெட்டி வாங்கிவிடுவேன். தவறியதைவிட, தவறியபின் வரும் அந்தக் கைகழுவலே மனிதனை வீழ்த்துகிறது. காசோலை என் சறுக்கலைப் பாவமாக்கவில்லை. அதற்கு ஒரு விலையை வைத்தது. விலையைக் கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்க முடிந்தது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமன்று. பிலிப்பீன்ஸின் மிண்டனாவோ தீவில் இதைப் போன்ற ஒரு திட்டத்தை மூன்று பொருளாதார அறிஞர்கள் சோதித்து, முடிவை 2010-இல் வெளியிட்டனர். புகைப்பதை விட விரும்புவோர் ஒரு வங்கியில் ஆறு மாதம் பணம் போட்டுவரலாம். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் பணம் திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால் முழுத் தொகையும் அறக்கொடைக்குப் போய்விடும். வாய்ப்பளிக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினரே சேர்ந்தனர். ஆயினும், வாய்ப்பளிக்கப்பட்ட குழுவில் பரிசோதனையில் தேறியோரின் விகிதம், மற்றவர்களைவிடச் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றி நடத்திய சோதனையிலும் அந்த வேறுபாடு நீடித்தது. இது மாயவித்தை அன்று. ஆனால் அறிவுரையைவிட மேல்.

சென்னையின் மிதிரிக்‌ஷா ஓட்டுநர்கள் 229 பேரிடையே ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார அறிஞர் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் தொகை என்ற ஏற்பாட்டினால் பகல்நேரக் குடி குறைந்தது. அவர்களது சேமிப்பு பாதிக்கும் மேல் உயர்ந்தது. என்னை நெகிழச் செய்தது அதிலுள்ள வேறொரு செய்தி. நிபந்தனையின்றி வாங்கிக்கொள்ளக்கூடிய பணத்தை விட்டுவிட்டு, 'குடிக்காமல் வந்தால்தான் முழுத் தொகை' என்ற ஏற்பாட்டைக் கணிசமானோர் தாங்களே கேட்டு வாங்கினர். தங்கள் கைகளைக் கட்டிவிடும்படி காசு கொடுத்துக் கேட்டவர்கள் அவர்கள். இவர்களையா மன உறுதி அற்றவர்கள் என்பது?

நாற்பத்தோரு நாள்

என் தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். லாரிப் பட்டறையில் மெக்கானிக். சனிக்கிழமை தோறும் கூலி வாங்கியதும் உடன் வேலை செய்வோருடன் மதுக்கடைக்குப் போவதில் தொடங்கி, நாள்தோறும் குடிப்பவன் ஆனான். ஆனால், ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தேதியன்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வான். அந்த 41 நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. விடியற்காலையில் குளிப்பான், தரையில் படுப்பான், மாலையில் பஜனைக்குப் போவான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே பழைய கடை, பழைய நண்பர்கள்.

'சாமிக்குப் பயப்படுகிறாய், பெண்டாட்டி பிள்ளைக்குப் பயப்படமாட்டாயா?' என்று அவனை ஏசியிருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்த மாலையில் பக்தியோடு சேர்ந்து எல்லா உத்திகளும் இருந்தன. ஊரறிய எடுத்த உறுதி. வெளியே தெரியும் அடையாளம். 'சாமி' என்றழைக்கும் புதிய கூட்டம். மாறிய நேர ஒழுங்கு. கடைக்குப் போகவேண்டிய மாலை வேளைக்குப் பஜனை. முடிவு தெரிந்த கால எல்லை. தன்னைக் கட்டிக்கொள்ள அவனுக்குத் தெரிந்திருந்த ஒரே வழி அது. 42-ஆம் நாள் அவை அத்தனையும் ஒருசேர அவிழ்ந்துவிட்டன. அவற்றில் இரண்டையாவது மிச்சம் வைக்க உதவியிருக்கவேண்டியவர்கள் நாங்கள்.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். 1971-இல் நாடு திரும்பியவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அடிமைப்பட்டிருந்தது தெரிந்தது. ஆனால், அப்படி அடிமைப்பட்டிருந்தவர்களில் நாடு திரும்பிய முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. போர்க்களமும், அங்கே மலிவாகக் கிடைத்த போதையும், உடனிருந்த கூட்டமும் பின்னால் போய்விட்டன. அவர்கள் திரும்பியது வேறோர் இடத்துக்கு. என் தம்பியோ ஒவ்வோர் ஆண்டும் அதே தெருவுக்குத் திரும்பினான்.

2009-இல் மாலை போட்ட மூன்றாம் நாள் அவன் கைகள் நடுங்கத் தொடங்கின. இரவில் வலிப்பு வந்தது. மறைவாகக் குடித்துவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். குடித்ததால் அன்று, திடீரென்று நிறுத்தியதால் வந்தது என்று மருத்துவர் சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோர் மருத்துவர் துணையின்றி வீட்டில் நிறுத்தக்கூடாது. இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. இது உடலின் கணக்கு.

மருத்துவமனையில் அவன் அருகே அமர்ந்து, நான் சிகரெட்டை விட்ட கதையை முதன்முறையாக முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "உங்களுக்குச் செக்கை வாங்கி வச்சுக்க ஒரு ஆளு இருந்தாருண்ணே. எனக்கு புத்தி சொல்லத்தான் எல்லாரும் இருந்தீங்க."

அதன்பின் அவன் முறையான சிகிச்சைக்கு வந்தான். பட்டறையை மாற்றினோம். கூலி நேராகத் தம்பி மனைவியின் கைக்குச் சென்றது. மாலைகளில் நான் அவனோடு நடந்தேன். குடியை அவன் பெருமளவு வென்றுவிட்டான். ஈரல் அதற்கு முன்பே தோற்றுவிட்டிருந்தது. 2012-இல், ஐம்பது வயதில் இறந்தான்.

செய்யக்கூடியவை

தாமாக விட விரும்புவோர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: இரண்டு வாரம் கணக்கெழுதுங்கள். பழக்கத்தை அழைக்கும் இடங்களையும் வேளைகளையும் மாற்றுங்கள். பொருளுக்கும் உங்களுக்கும் இடையே தூரத்தை உண்டாக்குங்கள். ஆசை வரும்போது என்ன செய்வது என்பதை ஆசை வருமுன்பே எழுதிவையுங்கள். உங்கள்மீது இரக்கப்படாத ஒருவரிடம் ஒரு பிணையைக் கொடுங்கள். சறுக்கினால் விலையைக் கொடுத்துவிட்டு அன்றே மீண்டும் தொடங்குங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800 11 2356, போதைப்பழக்கத்துக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இவை கட்டணமற்றவை. மருத்துவரை நாடுவதும் கையைக் கட்டிக்கொள்ளும் உத்திகளில் ஒன்றே. அதில் இழிவு எதுவுமில்லை.

வீட்டில் அத்தகைய ஒருவர் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். இரவில் அவருடன் வாதாடாதீர்கள். மறுநாள் காலை, அவர் தெளிந்து, வெட்கி, விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் அந்த அரை மணி நேரத்தில் பேசுங்கள். 'இன்று மாலை ஆறு மணிக்கு எங்கே இருப்பாய்? யாருடன் இருப்பாய்? கையில் எவ்வளவு பணம் இருக்கும்? நான் உடன் வரட்டுமா?' என்று கேளுங்கள். என் தம்பியிடம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இவை.